ஆம்பூர்-12

2.9.2009, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை வரும் வரும் என்று பார்த்தால் புழுக்கம்தான் வந்தது. லேபில் ஆம்பூர் பெட்டியைப் பிரித்தேன். பதினான்கு குப்பி, ஒன்றும் கசியவில்லை. சேலம் பெட்டியில் ஐஸ் கரைந்து வெறும் தண்ணீர். கூரியர்காரருடன் சண்டை. "நான் இன்னா மேடம் பண்றது, பஸ்ஸு லேட்டு. ஐஸுக்கு அது தெரிய மாட்டேங்குது."

ஆம்பூர் குப்பிகள் போன வாரம் நானே ஷூ கம்பெனிக்குப் போய் எடுத்தவை. பதினான்கு பேருக்கு ஜுரம், பன்றிக் காய்ச்சல் சந்தேகம். குப்பி மேல் பெயர் எழுதக் கூடாது, ஊரும் எண்ணும்தான். ஆனாலும் 12 நினைவிருக்கிறது. மாதனூர்ப் பெண், கோமதி, இருபத்திரண்டு வயது. மூக்கில் குச்சி விட்டதும் கண்ணில் தண்ணீர், அதோடு சிரிப்பு. "அக்கா, மூளைய தொட்டுட்டீங்களா? இருக்குதா?" ஐப்பசியில் கல்யாணமாம். அதற்குள் சளி நிற்குமா என்பதுதான் அவள் கவலை.

தங்கச்சி மெர்சியின் குப்பியும் அதே வரிசையில். பள்ளிகொண்டா-1. இப்போது தேறிவிட்டாள். பெங்களூர்க் கல்யாணத்துக்குப் போய் ஜுரத்தோடு வந்தவள், ஜுரத்தோடேயே இரண்டு நாள் வேலைக்கும் போனாள். லீவு கேட்டால் சூப்பர்வைசர் முறைப்பானாம். அவளும் அதே கம்பெனி, செக்கிங்கில். மாதனூர் வழியாகப் போகும் அதே கம்பெனி பஸ்.

பெரிய மேடம் (இனி பெ.மே., கை வலிக்கிறது) கெடு வைத்துவிட்டார். திங்கள் மாலைக்குள் பட்டியல் போக வேண்டும். ஆசியா முழுக்க உள்ள லேப்கள் சேர்ந்து வைரஸுக்கு ஒரே வம்சமரம் போடுகிறார்கள். அதில் நம் பக்கம் இலையே இல்லை என்று அவருக்கு மனக்குறை.

வாங்க: புளி, பினாயில், ஜெனிக்கு கோடு போட்ட நோட்டு.

3.9, வியாழன்

இட்லி சாப்பிடும்போது இவர் கேட்டார், அப்படி என்னதான் மரம் போடுகிறீர்கள் என்று. வைரஸ் தன்னைத் தானே பிரதி எடுக்கும்போது அங்கங்கே எழுத்துப்பிழை விடும், அந்தப் பிழைகளை வைத்து எது எதற்குச் சொந்தம் என்று சொல்வோம் என்றேன். கணக்கு வாத்தியார் இல்லையா, உடனே பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேப்பர்ல ஒரே தப்பு இருந்தா ஒருத்தன் இன்னொருத்தனப் பார்த்து எழுதியிருக்கான். அவ்ளோதானே?" அவ்வளவுதான். பதினைந்து வருட வேலையை ஒரு இட்லிக்குள் முடித்துவிட்டார்.

லேபில் நெருக்கடி. காலை முதல் மூன்றாம் அறையில் நான், பெருக்கிய வைரஸ் சரக்கைத் திறக்கும் இடம். ஜூனியர் சாதிக் முதல் அறையில், அது வைரஸ் வாடையே படக் கூடாத சுத்த அறை. நோன்பு வேறு, பையன் முகம் வாடிக் கிடந்தது. ஐந்தரைக்கும் அவன் கலவை முடியவில்லை. "நீ கெளம்பு, நோன்பு தொறக்க நேரமாச்சு. மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்" என்றேன். "அக்கா, நீங்க மூணாம் ரூம்ல இருந்தீங்களே" என்றான். "கோட்டு மாத்திக்கிறேன், போ."

கோட்டு மாற்றவில்லை. கையுறை மட்டும்.

4.9, வெள்ளி

நேற்றைய டியூபுகளை விளக்கில் வைத்துப் பார்த்தேன். வைரஸ் சரக்கு உள்ள டியூபில் கோடு தெரியும். வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த டியூபில் ஒன்றும் தெரியக் கூடாது. அது தெரியாமல் இருந்தால்தான் மற்றதெல்லாம் நம்பலாம்.

தண்ணீரில் கோடு தெரிந்தது. மெல்லிசாக, ஒரு முடி அகலம்.

திரும்பச் செய்தால் இரண்டு நாள். நடுவில் ஞாயிறு. திங்கள் கெடு. பெ.மே. கதவில் நின்று, "எல்லாம் ஓகேதானே எஸ்தர்?" "ஓகே மேடம்." போட்டோவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் அந்தக் கோடு தெரியவில்லை. குறைத்தேன். பதிவேட்டில் "தண்ணீர்: இல்லை" என்று எழுதினேன்.

அப்புறம் கேன்டீனில் தக்காளி சாதம். நன்றாக இருந்தது, இரண்டாம் முறை வாங்கினேன். அதுவும் இப்போது வெட்கமாக இருக்கிறது.

7.9, திங்கள்

கருவி படித்த வைரஸ் எழுத்துகள் வந்தன. வந்தவரை பட்டியல் மாலை 4.50-க்குப் போனது. மெர்சி குப்பியும் இன்னும் சிலவும் அடுத்த தவணைக்கு.

ஜெனிக்குத் தொண்டை கட்டு. உப்புத் தண்ணீர்.

8.9, செவ்வாய்

பெருமையான நாள். (பிறகு சேர்த்தது: இப்படி எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். எழுதியவள் நான்தான்.)

மரம் வந்தது. நம் ஊர்க் குப்பிகள் எல்லாம் பெங்களூர், புனே கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க, ஆம்பூர்-12 மட்டும் எங்கோ தள்ளி, கடல் தாண்டிய கிளையில். பெ.மே. என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நேரா வெளிநாட்டுலேர்ந்து இறங்கியிருக்கு எஸ்தர்! யார் வழியா?" எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோமதி சாம்பிள் ரூம். ஆர்டர் கொடுக்க வெளிநாட்டு பையர் வந்தால் காட்டும் மாடல் ஷூ தைக்கிற இடம். போன மாதம் ஒரு பையர் வந்து நான்கு நாள் இருந்ததாக மெர்சி சொல்லியிருந்தாள்.

மாலையில் மெர்சிக்கு போன் போட்டேன். சொல்லக் கூடாது என்று தெரியும். நல்ல சேதி வயிற்றில் தங்காது எனக்கு. சொன்னது இதுதான், ஒரு எழுத்து மாறாமல்: "உங்க சாம்பிள் ரூம் பொண்ணுக்கு வந்தது நம்ம ஊரு ஜுரம் இல்லடீ. வெளிநாட்டுக்காரன்கிட்ட இருந்து நேரா வந்தது. டெஸ்ட்லயே தெரியுது."

"ஐயோ, நெஜமாவா?" என்றாள்.

"வைரஸ் பொய் சொல்லாது" என்றேன். என்ன ஒரு வசனம்.

11.9, வெள்ளி

மழை. சத்துவாச்சாரி ரோட்டில் முழங்கால் தண்ணீர்.

மெர்சி போன். சிரித்துக்கொண்டே பேசினாள். பஸ்ஸில் கோமதிக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம், "பாரின் ஜுரம்". இவள் பக்கத்து சீட்காரியிடம் மட்டும்தான் சொன்னாளாம். பக்கத்து சீட்காரிக்கும் ஒரு பக்கத்து சீட்காரி இருப்பாள் அல்லவா.

"ஷூவ கையில குடுத்தா ஜுரம் ஒட்டுமா? கிட்ட போனாத்தான ஒட்டும்?" என்று ஒருத்தி கேட்டாளாம். பஸ்ஸே சிரித்ததாம்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றும் சொல்லவில்லை. கரண்ட் போய்விட்டது, போனை வைத்துவிட்டேன்.

13.9, ஞாயிறு

சர்ச் முடிந்து மெர்சி வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. கறி வேண்டாம் என்றாள், ரசம் மட்டும்.

கோமதியின் கல்யாணம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீடு குடியாத்தம். அங்கிருந்தும் ஒரு பெண் அதே கம்பெனியில். விஷயம் போய்ச் சேர மூன்று நாள். மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்து, "ஆஸ்பத்திரி டெஸ்ட்லயே வந்துடுச்சாமே, நாங்க இன்னாத்த கேக்கறது?" என்று சொல்லி, நிச்சயப் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாளாம். கோமதி இப்போது பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து போகிறாள். மதியச் சாப்பாடு தனியாக.

"நீ சொன்னதத்தான நான் சொன்னேன்" என்றாள் மெர்சி.

உண்மைதான். ரசத்தில் உப்பு ஜாஸ்தி, யாரும் சொல்லவில்லை.

14.9, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

காலை. வேலையில் புத்தி இல்லை. தண்ணீரில் தெரிந்த அந்த முடி அகலக் கோடே கண்ணில்.

11 மணி. சாதிக் கணினியிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, இங்க பாருங்க." ஒவ்வொரு முறையும் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தெரிந்த வைரஸ் ஒன்றை உடன் வைப்போம். வெளிநாட்டு லேபிலிருந்து வந்த சரக்கு. அதை மரத்தில் சேர்ப்பதில்லை, அதனால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. சாதிக் சும்மா ஒப்பிட்டிருக்கிறான். அதன் எழுத்தும் ஆம்பூர்-12 எழுத்தும் ஒன்று. ஒரு பிழை வித்தியாசம் கூட இல்லை.

கடல் தாண்டி வந்தது எந்த பையரும் இல்லை. எங்கள் ஐஸ் பெட்டியில் வந்த குப்பி. மூன்றாம் அறையில் நாள் முழுக்க நான் திறந்து மூடியது. என் கோட்டில் ஒட்டி முதல் அறைக்கு வந்தது. கோமதியின் குப்பியில் வைரஸ் கம்மி, என் கோட்டிலிருந்து விழுந்தது ஜாஸ்தி. எது ஜாஸ்தியோ அதைத்தான் கருவி படிக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. மூன்றிலிருந்து ஒன்றுக்கு அன்றைக்குத் திரும்பக் கூடாது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். "சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்து குளிக்காம அடுப்படிக்குள்ள போவீங்களா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள். நான் மறந்தேன். மறக்கக் கூட இல்லை, கோட்டு மாற்றச் சோம்பல்.

2 மணி. பெ.மே. பதிவேட்டை எடுத்தார். முதல் அறையில் அன்றைக்கு இருந்தது சாதிக்கின் கையெழுத்து. என் பெயரே இல்லை. "சாதிக், என்ன பண்ணே நீ?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறு மணி வரை குப்பி எண்களைச் சரிபார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

15.9, செவ்வாய்

தூங்கவில்லை. எட்டு மணிக்கே பெ.மே. அறை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். கோட்டு, தண்ணீர்க் கோடு, போட்டோவில் குறைத்த வெளிச்சம், பதிவேட்டில் எழுதிய பொய், நேற்று சாதிக்கைத் திட்டு வாங்க விட்டது.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "தப்பு யாருக்கும் வரும். தண்ணியில கோடு வந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ரெண்டு நாள் தள்ளிப் போட்டிருப்பேனே எஸ்தர்" என்றார்.

அதுதான் தாங்க முடியவில்லை. கெடு என்று நான் பயந்தது ஒரு போன் பேச்சில் தள்ளிப்போகிற கெடு.

முடிவு: முதல் அறைக்குள் நான் போகக் கூடாது. எல்லாவற்றையும் சாதிக் திரும்பச் செய்வான். நான் குப்பி எண்கள் எழுதலாம்.

மெர்சியிடம் உளறியதைச் சொன்னேனா? இல்லை. பாதி உண்மையோடு எழுந்து வந்துவிட்டேன்.

சாதிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "நோன்புக்காகத்தான அக்கா அனுப்பிச்சீங்க, உடுங்க" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

18.9, வெள்ளி

திரும்பச் செய்ததன் எழுத்துகள் வந்தன. இந்த முறை தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. போட்டோவை சாதிக் என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒருவாட்டி பாருங்க" என்றான். பெரிய மனது.

ஆம்பூர்-12, பெங்களூர்க் கூட்டத்துக்குள். நம் பக்கத்து வைரஸ், வெறும் உள்ளூர் சரக்கு. அதற்கு நேர் ஒட்டி, அதே பிழைகளோடு, இன்னொரு குப்பி.

பள்ளிகொண்டா-1.

என் தங்கச்சி. பெங்களூரிலிருந்து ஜுரத்தோடு வந்து, அந்த ஜுரத்தோடு இரண்டு நாள் அதே பஸ்ஸில் போனவள். கோமதிக்கு ஜுரம் வந்தது அதற்கு நான்கைந்து நாள் கழித்து.

மரம் இதைச் சொல்லாது. இரண்டும் ஒன்று என்றுதான் சொல்லும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லாது. இருவருக்கும் மூன்றாம் ஆள் கொடுத்திருக்கலாம். இந்த ஜாக்கிரதையெல்லாம் இன்று எனக்கு நன்றாக நினைவு வருகிறது. கோமதி விஷயத்தில் எங்கே போயிருந்தது?

19.9, சனி

திருத்தம் அனுப்பியாயிற்று. பழைய ஆம்பூர்-12 நீக்கம், புதியது சேர்ப்பு. பத்து நிமிட வேலை. மதியத்துக்குள் பதில்: நன்றி, எல்லா லேபிலும் நடப்பதுதான், மரத்தை மாற்றிவிட்டோம். ஒரு கண்டமே மாறிக்கொண்டது, யாருக்கும் வலிக்கவில்லை.

துவைக்கப் போட்டது: கோட்டு நான்கு.

20.9, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "கூட வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். தனியாக மாதனூர் பஸ்.

கோமதியின் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் முறம் அப்படியே நின்றது. "இன்னும் இன்னா பாக்கி?" கோமதி உள்ளேயிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். அன்றைக்குச் சிரித்தவள் இவளா என்று இருந்தது.

உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். டெஸ்ட் தப்பு. அவள் ஜுரம் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் வந்த ஜுரம்தான். தப்பு என் கையால் நடந்தது. பேச்சு கிளம்பியதும் என் வாயிலிருந்துதான். மெர்சி பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அவள் அக்கா நான் என்பது கோமதிக்குத் தெரியும்.

அவள் அம்மா அழுதார். கோமதி அழவில்லை.

"அந்த ஆளு பேரு கூட எனக்குத் தெரியாதுக்கா. ஷூவ டேபிள் மேல வெச்சிட்டு ஓரமா நின்னேன். அவ்ளோதான்" என்றாள்.

"தெரியும்மா. கம்ப்யூட்டர்ல எல்லாம் மாத்திட்டோம். எல்லா நாட்டுக்கும் எழுதிட்டோம்" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல மாத்திட்டீங்க. பஸ்ல எப்ப மாத்துவீங்க?"

காலில் விழலாம் போல இருந்தது. விழுந்தால் அதுவும் எனக்காகத்தான் என்று தோன்றி நின்றேன்.

திரும்பும் வழியில் பள்ளிகொண்டா இறங்கினேன். மெர்சியிடம் இரண்டு குப்பியும் ஒன்று என்பதைச் சொன்னதும் வெளுத்துவிட்டாள். பிறகு கோபம். "இன்னாக்கா, என்ன மாட்டி உடப் போறியா? நான் இன்னா வேணும்னா குடுத்தேன்? அதே பஸ்ல நான் தெனம் போவணும்."

"உன் பேரச் சொல்ல மாட்டேன்" என்றேன். சத்தியம் கேட்டாள், செய்தேன். நோயாளி பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதி, கடைசியில் என் தங்கச்சிக்குத்தான் முதலில் பயன்படுகிறது.

21.9, திங்கள்

ரம்ஜான். லீவு. சாதிக் வீட்டிலிருந்து பிரியாணி, சேமியா. வழக்கம்போல வாளி நிறைய. வாங்கக் கை கூசியது, வாங்கினேன்.

பெ.மே.-க்குக் கடிதம் எழுதினேன், மீதி பாதி உண்மை. நான்கு வரி. கிழித்துவிட்டு மறுபடி எழுதியதும் அதே நான்கு வரி. நாளை கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே அவர் மேசைக்கு.

ஜெனி கேட்கிறாள்: "ஏம்மா நீயே உங்கிட்ட பேசிக்கிறே?" ஒத்திகை என்றேன்.

22.9, செவ்வாய்

விடியும்போது தூறல். முதல் பஸ் பிடித்து மாதனூரில் 6.40-க்கு இறங்கினேன். கம்பெனி பஸ் வந்தது. கோமதி ஏறி டிரைவர் பக்கத்துப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறினேன். டிரைவர், "யாரும்மா நீங்க? இது கம்பெனி வண்டி" என்றார். "ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். ரெண்டு நிமிஷம்" என்றேன். அவரே பாட்டை நிறுத்தினார்.

நாற்பது பேர் இருக்கும். பாதி தூக்கம். மூன்றாம் வரிசையில் ஜன்னலோரம் மெர்சி, என்னைப் பார்த்ததும் வெளியே திரும்பிக்கொண்டாள்.

ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. "நான் லேப்ல வேல செய்றேன். இந்தப் பொண்ணு டெஸ்ட்ட தப்பாப் பண்ணது நானு. வெளிநாட்டு ஜுரம்னு சொன்னதும் நான்தான். அது அவளுக்கு வந்ததே இல்ல. என் கோட்டுல இருந்து விழுந்தது. நம்ம எல்லாருக்கும் வர்ற ஜுரம்தான் அவளுக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "காசு குடுத்துக் கூட்டியாந்துருப்பாங்க." இன்னொருத்தி: "ஏய், சும்மா இருடி, அந்தம்மா அழுவுது." அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நடுவில் ஒரு வயசான அம்மா எழுந்தார். நியாயமாகத்தான் கேட்டார். "செரி. அவன்கிட்ட இருந்து வர்லன்னா, அப்ப யார்கிட்ட இருந்து வந்துச்சு அவளுக்கு?"

நாற்பது பேரும் விழித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரு பெயர் வேண்டும்.

"அது தெரியாதும்மா" என்றேன். மரத்தின்படி உண்மை. மெர்சி தலை திரும்பவில்லை.

"டெஸ்ட்டு பண்றவங்களுக்கே தெரியாதாம்" என்றாள் ஒருத்தி. "அப்பப் பழையபடி பாரின் ஜுரம்தான்." ஒரு சிரிப்பு கிளம்பியது. கோமதி குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தேன், மெர்சிக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன்.

"எனக்கு வந்துச்சு."

மெர்சி. எழுந்திருக்கவில்லை, ஜன்னலைப் பார்த்தபடியே. "பெங்களூர்ல இருந்து நான் கொண்டாந்தேன். ஜுரத்தோட ரெண்டு நாள் இதே பஸ்ல வந்தேன். அவளுக்கு மின்னாடி எனக்குத்தான்."

சிரிப்பு நின்றது. டிரைவர் கியர் போட்டார். மெர்சியின் பக்கத்து சீட்காரி தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.